பெங்களூரில் வாங்கிய பழைய நெக்ஸான் இவி, வேலூர் வரை: வழியில் சார்ஜிங் எப்படி இருக்கிறது?

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பழைய மின்கார் வாங்க நினைக்கும் பலரும் பெங்களூரில்தான் வண்டி பார்க்கிறார்கள். அங்கே ஒரே மாடலில் நாலைந்து வண்டியை வரிசையாகப் பார்த்துப் பேரம் பேசலாம். வாங்கிய கையோடு சுமார் 210 கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டும் என்பதுதான் ஒரே தயக்கம். யாரோ ஓட்டிய வண்டி, பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது, வழியிலிருக்கும் சார்ஜர்களோடு இந்த வண்டி ஒத்துப்போகுமா என்பதும் தெரியாது.

இந்த மதிப்பீடு 2020 ஜனவரியில் வந்த முதல் தலைமுறை டாடா நெக்ஸான் இவி-யை மனதில் வைத்து எழுதியது. 30.2 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி, சிசிஎஸ்2 வகைச் சார்ஜிங் வாய், வண்டிக்குள் 3.3 கிலோவாட் ஏசி சார்ஜர் (வீட்டு மின்சாரத்தில் மெதுவாக ஏற்றுவது). பழைய வண்டிச் சந்தையில் கைக்கு எட்டும் விலையில் இதுதான் அதிகம் கிடைக்கிறது. டிகோர் இவி-க்கும் (26 யூனிட்) இதே கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். எம்ஜி இசட்எஸ் இவி, கோனா போன்ற பெரிய பேட்டரி வண்டிக்கு இவ்வளவு கவலை தேவையில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெங்களூர்–வேலூர் சாலையில் இருக்கும் சார்ஜிங் வசதி இந்த வண்டிக்குப் போதும். ஒரு நிறுத்தம் வேண்டும், இரண்டு வேண்டாம். அந்த நிறுத்தத்தைக் கிருஷ்ணகிரியில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வண்டியின் முதல் டிசி சார்ஜ் (பொதுச் சார்ஜரில் வேகமாக ஏற்றுவது) கிருஷ்ணகிரியில் நடக்கக் கூடாது. பெங்களூரிலேயே, முழுப் பணமும் கைமாறுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சார்ஜ்

பழைய மின்கார் பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பெயின்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஏசி குளிர்கிறதா என்று பார்க்கிறார்கள். வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிதான். அதைச் சோதிக்க நானூறு ஐந்நூறு ரூபாய் செலவில் ஒரு வழி இருக்கிறது. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வண்டியை 20 சதவீதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்திலிருக்கும் டிசி சார்ஜருக்கு ஓட்டிப் போய் 80 வரை ஏற்றுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். சார்ஜர் எத்தனை யூனிட் கொடுத்தது என்று ரசீதில் வரும்.

கணக்கு இதுதான். 30.2-ல் 60 சதவீதம் என்றால் 18.1 யூனிட். சார்ஜர் கொடுத்ததில் சுமார் 5 சதவீதம் சூட்டிலும் பேட்டரியைக் குளிர்விப்பதிலும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், நல்ல பேட்டரிக்கு ரசீதில் 18 முதல் 19 யூனிட் வரை வர வேண்டும். 17 வந்தால், 17-ல் 5 சதவீதம் கழித்து 0.6-ஆல் வகுத்தால் 26.9 யூனிட், அதாவது 89 சதவீதம். நாலைந்து வருடம் ஓடிய வண்டிக்கு இது பரவாயில்லை. 15 யூனிட்டில் 80-ஐத் தொட்டுவிட்டால் பேட்டரியில் 24 யூனிட்கூட இல்லை என்று அர்த்தம். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். புது வண்டியிலேயே 30.2 முழுவதும் கைக்கு வராது, கொஞ்சம் ஒதுக்கி வைத்துத்தான் தயாரிப்பாளர் கொடுப்பார். அதனால் ஒன்றிரண்டு சதவீதத்துக்காக விற்பவரோடு சண்டை போட வேண்டாம்.

இடைவெளி சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு நம்பகமாக இருக்காது. 60-லிருந்து 80 வரை மட்டும் ஏற்றினால், திரையில் தெரியும் சதவீதத்தில் ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தாலே முடிவில் ஐந்து சதவீதம் மாறிவிடும். அதனால்தான் 20-லிருந்து தொடங்கச் சொல்வது.

ஏறும் விதத்தையும் கவனியுங்கள். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறாமல் 71-லிருந்து 78-க்குத் தாவினால், அல்லது ஓட்டும்போது 20-க்குக் கீழே போனதும் மடமடவென்று விழுந்தால், பேட்டரிக்குள் இருக்கும் பல செல்களில் ஏதோ ஒன்று மற்றவற்றோடு சேராமல் பின்தங்குகிறது. முழு பேட்டரியும் அந்தப் பலவீனமான செல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் வேலை செய்யும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் செல் மின்னழுத்தங்களைப் படித்துச் சொல்வார். வண்டி ஓய்வில் இருக்கும்போது அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 20, 30 மில்லிவோல்ட் வித்தியாசம் சாதாரணம். 100-ஐத் தாண்டினால் சர்வீஸ் சென்டர் அறிக்கை இல்லாமல் வாங்க வேண்டாம்.

டாடா இந்த வண்டியின் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தது. 2020-ல் ஓடத் தொடங்கிய வண்டிக்கு 2028 வரைதான் காலம். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுகிறதா, சர்வீஸ் ஒன்றுகூட விடாமல் செய்திருக்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து மஞ்சளாக இருந்தால் அது வாடகைக்கு ஓடிய வண்டி. தினமும் டிசி சார்ஜ் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். சொந்த உபயோக வண்டியில் எழுத்து வெள்ளை. கர்நாடகப் பதிவு வண்டிக்குப் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்காமல் பணத்தை முடிக்காதீர்கள். அதற்குமேல் ஆர்டிஓ விவகாரம் தனிக் கதை, இங்கே வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வண்டியோடு வந்த 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர். பழைய வண்டி விற்பவர்கள் இதை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவது சகஜம். தனியாக வாங்கப் போனால் பல ஆயிரம் ரூபாய் பழுத்துவிடும். டிக்கியைத் திறந்து, வயரை முழுக்க விரித்து, பிளக் முனைகளில் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனை மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருந்தால் முந்தைய வீட்டில் சாக்கெட் சரியில்லை. அந்தப் பிளக்கை அப்படியே நம் வீட்டில் செருகினால் நம் சாக்கெட்டும் கருகும்.

இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரி. மின்காருக்குள்ளும் சாதாரண கார் பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர்கள் இதன் தயவில்தான் இயங்குகின்றன. விற்பனைக் கூடத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டியில் இதுதான் முதலில் படுத்துவிடும். பிறகு எந்தச் சார்ஜரில் மாட்டினாலும் தொடங்காது, பழி சார்ஜர் மேல் விழும். மல்டிமீட்டரில் ஓய்வில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். வண்டி ஓடத் தயார் என்று காட்டும் நிலையில் 13.5-க்கு மேல் வர வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் கிளம்புவதற்கு முன்பே புதுசு மாட்டிவிடுங்கள்.

மூன்றாவது, போனில் செயலிகள். டாடா பவர் ஈஇசட் சார்ஜ், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜியான், சார்ஜ்ஸோன், எண்ணெய் நிறுவனங்களின் பங்க் செயலி ஒன்று. எல்லாவற்றையும் முந்தின நாள் வைஃபையில் பதிவிறக்கி, ஓடிபி வாங்கிப் பதிவு செய்து, வாலட்டில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு வைக்கவும். நெடுஞ்சாலை ஓரத்தில் வெயிலில் நின்றுகொண்டு ஓடிபி வருமா என்று பார்த்திருப்பது வீண் வேலை. பிளக்ஷேர் செயலியில் மற்ற ஓட்டுநர்கள் எழுதும் குறிப்புகள் கிடைக்கும். நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். போன வாரம் யாராவது வெற்றிகரமாகச் சார்ஜ் செய்திருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று: முந்தைய உரிமையாளர் டாடாவின் இசட்கனெக்ட் செயலியில் வண்டியை இணைத்து வைத்திருப்பார். அதைத் துண்டிக்கச் சொல்லி, அவர் போனிலிருந்து வண்டி மறைந்ததைக் கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் காட்பாடியில் எங்கே வண்டி நிறுத்துகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஃபாஸ்டேக் விஷயத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள் காத்திருக்கின்றன.

சாலை நமக்குச் சாதகம்

வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்றிதழில் இந்த வண்டிக்கு 312 கிலோமீட்டர் என்று இருக்கும். அதை மறந்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஏசி போட்டுக்கொண்டு போனால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். 100-ல் போனால் ஆறுக்கும் கீழே வந்துவிடும். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கில் கூடுவதால் வரும் நட்டம் இது. டிரைவிங் திறமையால் ஈடுகட்ட முடியாது.

90 சதவீத ஆரோக்கியமுள்ள பேட்டரியில் 27 யூனிட் இருக்கும். நூறில் கிளம்பி 15 சதவீதத்தில் நிறுத்துவதாக வைத்தால் 23 யூனிட். 80 வேகத்தில் ஓட்டினால் 160 கிலோமீட்டர், அதாவது ஆம்பூர் வரை. 100 வேகத்தில் ஓட்டினால் 135 கிலோமீட்டர், வாணியம்பாடியோடு சரி.

இங்கே நிலமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், வேலூர் சுமார் 220. 700 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள வண்டிக்கு இந்த இறக்கத்தின் மதிப்பு ஏறக்குறைய 3 யூனிட். தூரத்தில் சொன்னால் இருபது கிலோமீட்டர். இதில் ஏறக்குறையப் பாதி ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலேயே கிடைத்துவிடும். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், காலை மட்டும் எடுத்து ரீஜெனில் (வேகம் குறையும்போது மோட்டாரே பேட்டரியை ஏற்றும் முறை) விட்டால் சதவீதம் இறங்காமல் நிற்பதைப் பார்க்கலாம். லாரிகள் மெதுவாக இறங்கும் இடம், விபத்துக்குப் பேர் போன இடம். எனவே சதவீதத்தைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலையாக இருக்கட்டும்.

இதே காரணத்தால் திரும்பும் பயணம் வேறு கணக்கு. வேலூரிலிருந்து பெங்களூர் போகும்போது அந்த 3 யூனிட்டை நாம் கொடுக்க வேண்டும். இறங்கி வந்த கணக்கை வைத்து ஏறிப் போகத் திட்டமிட்டவர்கள் சூளகிரிக்கு முன்னாலேயே வியர்த்துப் போவார்கள்.

ஏன் கிருஷ்ணகிரி?

பெங்களூரிலிருந்து 90 கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. முழுச் சார்ஜில் கிளம்பியிருந்தால் அங்கே 50, 55 சதவீதத்தில் வந்து சேரும். நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் இன்னும் 45 கிலோமீட்டர் ஓட்டி வாணியம்பாடியில் 30 சதவீதத்தில் செருகச் சொல்வார். தெரிந்த வண்டியென்றால் அதுதான் சரி. புதிதாகக் கைக்கு வந்த வண்டிக்கு இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததைத் தேடப் பாதிப் பேட்டரி கையில் இருக்கிறது. சென்னை, சேலம், பெங்களூர் சாலைகள் சந்திக்கும் ஊர் என்பதால் சார்ஜர்களும் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. அங்கிருந்து வேலூர் 120 கிலோமீட்டர். 80 வேகத்தில் 17 யூனிட், அதாவது 63 சதவீதம். 80 சதவீதத்தில் கிளம்பினால் 17 சதவீதத்தில் வீடு சேரலாம். நடுவில் அவசரத்துக்கு ஆம்பூர் இருக்கிறது.

80-க்கு மேல் டிசி-யில் ஏற்றுவதில் பயன் இல்லை. அதற்குப் பிறகு மின்னோட்டத்தை வண்டியே குறைத்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் ஆம்பூர் போய்விடலாம்.

கிலோவாட் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். இந்த வண்டிக்குப் பூஜ்யத்திலிருந்து 80 வரை 60 நிமிடம் என்று டாடாவே சொல்கிறது. 24 யூனிட், ஒரு மணி நேரம். சராசரியாக 24 கிலோவாட்தான் உள்ளே போகும். 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும் அதே 24. எனவே ஹோட்டல் மூலையில் கேட்பாரற்று நிற்கும் பழைய 30 கிலோவாட் சார்ஜர் நமக்குக் கச்சிதம். பெரிய சார்ஜரில் வரிசையில் நின்று, நமக்குப் பின்னால் வரும் பெரிய பேட்டரிக்காரரின் முறைப்பையும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு கன் (கேபிள் முனையில் இருக்கும் பிளக்) உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் இன்னொரு வண்டி மாட்டினால் ஆளுக்கு 30 ஆகப் பிரியும். நமக்கு ஒரு குறையும் இல்லை.

எந்த இடம் எப்படி

சாலையோர உணவகங்களில் இருக்கும் சார்ஜர்கள்தான் முதல் தேர்வு. வெளிச்சம், கழிப்பறை, காபி, ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. இரவிலும் திறந்திருக்கும். குறை என்னவென்றால் சார்ஜிங் இடத்தில் டீசல் கார் நிற்கும். ஹாரன் அடிப்பதைவிட வாட்ச்மேனிடம் போய், "அண்ணா, அந்த வண்டிக்காரர் எங்க சாப்பிடறாரு? கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றால் வேலை நடக்கும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் சென்னை–பெங்களூர்க் கூட்டம் முழுக்க இங்கேதான். அந்த நேரத்தில் வண்டி எடுத்து வர வேண்டாம்.

பெட்ரோல் பங்க் சார்ஜர்கள் இரண்டாம் தேர்வு. இடம் தாராளம், ஆனால் நிழல் இருக்காது. பங்க் ஊழியருக்கும் சார்ஜருக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் கோளாறு என்றால் செயலியில் இருக்கும் உதவி எண்தான் கதி. ஷோரூம் வளாகத்தில் இருப்பவை பகலில் நன்றாக வேலை செய்யும். ஆனால் மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். செயலியில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

போனில் "சார்ஜர் வேலை செய்யுதா?" என்று கேட்டால் எல்லோரும் "செய்யுது சார்" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். "டிஸ்ப்ளேல லைட் பச்சையா சிவப்பா? சிவப்பு பட்டன் உள்ள அமுங்கி இருக்கா? இன்னைக்கு காலைல யாராச்சும் சார்ஜ் போட்டாங்களா?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

தேடும்போது சிசிஎஸ்2 வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். பழைய பாரத் டிசி-001 சார்ஜர்களின் கன் நம் வாயில் பொருந்தாது. டைப்-2 ஏசி என்று இருப்பவை 7.4 கிலோவாட்டோ 22 கிலோவாட்டோ, நமக்கு 3.3-தான் வரும். சாப்பிட்டு முடிப்பதற்குள் பத்து சதவீதம்கூட ஏறாது.

கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 18-லிருந்து 25 ரூபாய் வரை, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. செயலியில் முதலில் தெரியும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிருஷ்ணகிரியில் 50-லிருந்து 80 வரை ஏற்ற எட்டரை யூனிட் ஆகும். 22 ரூபாய் வீதம் வரியோடு 220 ரூபாய். சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காமல் இருந்தால் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் அபராதம் போடும்.

கன் மாட்டும்போது

பத்தில் எட்டுச் சிக்கல் வண்டியிலும் இல்லை, சார்ஜரிலும் இல்லை, மாட்டும் விதத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் சார்ஜர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் புரியும்.

நெக்ஸானின் சார்ஜிங் வாய் பின்பக்கம், பெட்ரோல் வண்டியில் டேங்க் மூடி இருக்கும் இடத்தில். எனவே ரிவர்ஸில் நிறுத்துங்கள், கேபிள் இழுபடக் கூடாது. வண்டியை முழுக்க அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். மூடியைத் திறந்தால் மேலே ஏழு துளை, கீழே இரண்டு தடித்த துளை. கீழ்த் துளைகளுக்குத் தனி ரப்பர் மூடி இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். ஏசி சார்ஜ் மட்டுமே போட்டு வந்த வண்டியில் அந்த மூடி தூசி படிந்து இறுகியிருக்கும். உள்ளே சிலந்தி வலை இருந்தால் ஊதிவிட்டு, காய்ந்த துணியால் ஓரத்தைத் துடையுங்கள்.

சிசிஎஸ்2 கன் கனமானது, கேபிளின் எடை அதைக் கீழே இழுக்கும். நேராகச் செருகி, "டக்" என்று பூட்டு விழும் சத்தம் கேட்கும்வரை கன்னின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். கன் லேசாகச் சாய்ந்தால்கூட மேல் துளைகளில் உள்ள தகவல் முனை சரியாகத் தொடாது. வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ள முடியாமல் "தொடர்புப் பிழை" வரும். வரிசையும் முக்கியம்: முதலில் கன், பிறகு செயலியில் தொடக்கம். தலைகீழாகச் செய்தால் சார்ஜர் சில விநாடி காத்திருந்துவிட்டு வேலையை ரத்து செய்துவிடும்.

தொடங்கியதும் சார்ஜர் முதலில் காப்புச் சோதனை (எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யும். பிறகு வண்டிக்குள் கான்டாக்டர் விழும் சத்தம் கேட்கும், திரையில் ஆம்பியர் ஏறத் தொடங்கும். இதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஆகும். பொறுமையில்லாமல் நடுவில் கன்னைப் பிடுங்கினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். மழைக்குப் பின் "காப்புப் பிழை" வந்தால் கன்னின் வாயில் ஈரம் இருக்கிறது. துடைத்துவிட்டு இன்னொரு கன்னை முயற்சி செய்யுங்கள். சார்ஜர் திரையில் "அவசர நிறுத்தம்" என்று நின்றால், யாரோ சிவப்புக் காளான் பட்டனை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வலப்பக்கம் திருகினால் வெளியே வரும். இந்த ஒரு பட்டனுக்காகவே பல சார்ஜர்கள் நாள் கணக்கில் "பழுது" என்று கிடக்கின்றன.

மூன்று முறை முயன்றும் தொடங்கவில்லை என்றால் வண்டியைப் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். கணினிகள் எல்லாம் தூங்கி எழுந்த பிறகு மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் சார்ஜருக்குப் போங்கள். இரண்டு வெவ்வேறு சார்ஜரிலும் ஒரே பிழை வந்தால் வண்டியில்தான் கோளாறு. பெங்களூரில் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்த்திருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

முடிந்ததும் செயலியில் நிறுத்தி, சாவியில் வண்டியைத் திறந்து, பிறகு கன்னை இழுக்கவும். வரவில்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம். ஒருமுறை பூட்டித் திறந்து, கன்னை லேசாக உள்ளே தள்ளிவிட்டு இழுத்தால் வந்துவிடும்.

மே மாதப் பகலில் இன்னொரு தொல்லை. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய பேட்டரிக்கு வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும். சார்ஜர் மெதுவாகக் கொடுக்கிறது என்று உதவி எண்ணில் சத்தம் போட்டுப் பயன் இல்லை. பெங்களூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் கிருஷ்ணகிரி. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆம்பூர், கடைசிக் கட்டம்

பிரியாணி சாப்பிடும் நேரத்தில் ஆம்பூரில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பிரியாணிக்காக நிறுத்துங்கள், சார்ஜுக்காக வேண்டாம். வீடு 50 கிலோமீட்டரில் இருக்கும்போது யூனிட்டுக்கு 26 ரூபாய் கொடுத்து ஏற்றுவதில் அர்த்தமில்லை. ஆம்பூரில் 35 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தொடர்ந்து போகலாம். 30-க்குக் கீழே இருந்தால், அதுவும் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கி வந்திருந்தால், பத்து நிமிடம் மாட்டுங்கள்.

அப்படியும் ஏதாவது ஆகி வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். முன் சக்கரங்கள் தரையில் சுழன்றால் மோட்டாரும் சுழலும். தட்டு வண்டியில் (ஃப்ளாட்பெட் லாரி) ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். நெடுஞ்சாலை உதவி எண் 1033.

வேலூரில் முதல் இரவு

வழியில் நடப்பதைவிட வீட்டில் நடக்கும் தவறுகள்தான் செலவு வைக்கும். வண்டி 3.3 கிலோவாட் இழுக்கும், அதுவும் எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல். வாஷிங் மெஷின் சாக்கெட்டிலோ ஜங்ஷன் பாக்ஸ் நீட்டியோ போடுவது நெருப்போடு விளையாடுவது. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, முடிவில் 16 ஆம்பியர் நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதற்கேற்ற பிளக் மாற்றி. சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்தான் என்றால் நல்ல கம்பெனியாகப் பார்த்து, கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

வேலூரில் பெரிய வில்லன் எர்த். சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை போன்ற மலையடிவாரப் பகுதிகளில் தோண்டினால் சீக்கிரமே பாறை. எர்த் குழி ஆழமாகப் போயிருக்காது, கோடையில் காய்ந்தும் போகும். போர்ட்டபிள் சார்ஜர் எர்த் சரியில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். எலக்ட்ரீஷியனை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 30 காட்டினால் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். குறைந்தால் குழிதான் பிரச்சினை, கெமிக்கல் எர்த் போட்டுவிடலாம். குறையவில்லையென்றால் வயரிங்கில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சில எலக்ட்ரீஷியன்கள் எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டிலேயே இணைத்து விளக்கைப் பச்சையாக்கிக் கொடுத்துவிடுவார்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க மின்சாரம் வரும். அந்த வேலையைச் செய்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

கோடை மாலைகளில் ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் சில தெருக்களில் மின்னழுத்தம் 190-க்குக் கீழே போகும். சார்ஜர் விட்டு விட்டு நிற்கும். இரவு பதினொன்றுக்கு மேல் போட்டால் சரியாகிவிடும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டும்போது ஸ்லாப் ஏறும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் வண்டி மட்டும் அந்த இரண்டு மாதத்தில் 300 யூனிட் சேர்க்கும்.

முதல் இரவு 17 சதவீதத்தில் வந்த வண்டியை அப்படியே 100 வரை மெதுவாக ஏற விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம், 100 காட்டிய பிறகும் சார்ஜர் தானாக நிற்கும்வரை மாட்டியே இருக்கட்டும். செல்கள் ஒன்றுக்கொன்று சமமாவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். டிசி-யில் ஏறி ஏறிப் பழகிய வண்டியில் இந்த ஒரு சார்ஜுக்குப் பிறகு சதவீதக் காட்டி கொஞ்சம் நிதானத்துக்கு வரும். இரண்டு மூன்று வாரம் இப்படி மெதுச் சார்ஜ் போட்டும் 20-க்குக் கீழே தடாலென்று விழுவது நிற்கவில்லை என்றால், வாரண்டிக் காலம் இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதிந்து, ஜாப் கார்டு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.